1947-இல் குடியிருக்கும் மாமா

இந்த ஞாயிற்றுக்கிழமை சோபாவை விட்டு எழுந்திருப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். டிவியில் கிரிக்கெட் மேட்ச். புதன்கிழமை மகளுக்குக் காது குத்து. செகந்திராபாத் சொந்தக்காரர்களை வீடு வீடாகப் போய் அழைக்க வேண்டும் என்பது என் மனைவி காஞ்சனாவின் கட்சி.

"நேர்ல போய் கூப்பிட்டாதாங்க மரியாதை."

"நக்கோ, வேண்டாம். நான் கச்சிபௌலியில சாஃப்ட்வேர் இன்ஜினீயர். பத்திரிகை எல்லாம் கூரியர்ல போகும். விலாசத்தைக் கம்ப்யூட்டர் அச்சடிக்கும்."

"சரிங்க" என்றாள். அப்போதே எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும்.

அவள் நோட்பேடில் அடித்துக் கொடுத்த விலாசங்களை எக்செல்லில் இறக்கி, லேபிள் அச்சடித்தேன். படித்துப் பார்க்கவில்லை. படித்துப் பார்த்தால் அப்புறம் இன்ஜினீயருக்கு என்ன மதிப்பு? காஞ்சனா உறைகளில் ஒட்டி அனுப்பினாள்.

சனிக்கிழமை கூரியர்காரர் மூட்டையோடு திரும்பி வந்தார்.

"சாப், இது அட்ரஸ் நை. தாரீக்."

விலாசம் இல்லையாம், தேதியாம். பார்த்தேன். ஹைதராபாத்தில் வீட்டு எண்ணுக்கு நடுவே இரண்டு கோடு உண்டு. சீதாராமன் மாமா வீடு 1-8-47. அதைத் தேதி என்று எக்செல்லே முடிவு கட்டி, 01-08-1947 ஆக்கியிருந்தது. மாமா சுதந்திரத்துக்கு இரண்டு வாரம் முந்திக் குடிபோயிருந்தார். 12-5-9 நாகம்மா சித்தியோ 2009 மே மாதத்தில் இருந்தார். நாங்கள் இருந்தது 2007.

மல்லுக்கட்டிக் கண்டுபிடித்தேன். எக்செல்லுக்குள் கொண்டுவரும்போதே வீட்டு எண் வரிசையை 'டெக்ஸ்ட்', வெறும் எழுத்து என்று சொல்லிவிட வேண்டும். தேதியான பிறகு சொன்னால் கேட்காது. கல்யாணத்துக்குப் பிறகு நான் போட்ட நிபந்தனைகளின் கதிதான்.

"காஞ்சனா, சரி பண்ணிட்டேன். மறுபடி அனுப்பிரலாம்."

"இனி கூரியர் திங்கக்கிழமைதாங்க எடுப்பான். செவ்வாய் ராத்திரி பத்திரிகை வந்தா புதன் காலையில யாருங்க வருவாங்க? நாளைக்கு வண்டியை எடுங்க."

எடுத்தேன். மேட்ச் போயிற்று. வழியெல்லாம் புலம்பினேன்.

"அந்த எக்செல் இப்படிப் பண்ணும்னு யாருக்குத் தெரியும், சொல்லு."

"எனக்குத் தெரியும்" என்றாள் பின்சீட்டிலிருந்து. "பேகம்பேட் ஸ்கூல் ஆபீஸ்ல பிள்ளைங்க விலாசத்தை எக்செல்ல ஏத்துறதுதானே என் வேலை."

அங்கே அவளுக்கு என்ன வேலை என்று நான் இதுவரை கேட்டதே இல்லை.

"அப்ப, லேபிள் ஒட்டும்போதே பாத்தியா?"

"ஹவ், பாத்தேன். அந்தச் சந்துல திரும்புங்க, மாமா வீடு வந்திருச்சு."