திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு கருணை

தகவல் தெரிவிப்போர் என்று ஓர் இனம் உண்டு. பனிக்காலத்தில் மட்டுமே வெளிப்படும். எங்கள் ஹாம்பர்க் நகரில் ஏரி உறைவதற்கு முன்பே இவர்கள் உருகிவிடுவார்கள். கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நல்லவர்கள். அதுதான் தொல்லை.

எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் வீப்கே ஹார்ம்சனையே எடுத்துக்கொள்வோம். ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. மாலையில் சூப் குடித்து, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து, தன் நீலத் திரைச்சீலையை ஒரு விரல் அளவு விலக்கி, கீழே மூடிக்கிடக்கும் செருப்புக் கடை வாசலில் உறங்குபைக்குள் சுருண்டிருக்கும் ஹோல்கரைப் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டு, கைப்பேசியை எடுப்பார். யாருக்கு? குளிர் வண்டிக்கு. தெருவில் படுத்திருப்பவர்களுக்குக் கம்பளியும் சூடான தேநீரும் கொடுத்து, வர விரும்புகிறவர்களை இரவு விடுதிக்கு ஏற்றிச் செல்லும் தொண்டர் வண்டி அது. ஊருக்கு ஒரே வண்டி. அதற்கு ஒரே தொலைபேசி.

ஹார்ம்சன் எல்லாம் சொல்வார். தெரு, வாசல், பையின் நிறம், காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது என்பது உட்பட. மறுமுனைப் பெண் வழக்கமான ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"அவர்கிட்ட பேசினீங்களா மேடம்? வர்றேன்னாரா?"

"பேசறதா? எங்களுக்குள்ள அறிமுகமே இல்லையேம்மா."

நியாயம்தானே? முன்கூட்டிச் சொல்லாமல் அடுத்தவர் கதவைத் தட்டுவது எங்கள் ஊரில் மகா அநாகரிகம். கதவே இல்லாதவரை எப்படித் தட்டுவது? சம்மதம் கேட்காமல் வண்டி வராது. அறிமுகம் இல்லாமல் சம்மதம் கேட்க முடியாது. ஆகவே ஹார்ம்சன் சற்று நேரம் கழித்து மறுபடி அழைப்பார். இடைவேளையில் அவருடைய கீழ்வீட்டுப் பல் மருத்துவர் அதே வண்டியை அழைப்பார். அவர் ஓய்ந்ததும் மேல்வீட்டுத் தம்பதி, முதலில் கணவர், அவர் சரியாகச் சொல்லவில்லை என்று பிறகு மனைவி. எல்லாரும் அவரவர் திரைக்குப் பின்னாலிருந்து, உலகத்தில் தன் கண்ணுக்கு மட்டுமே ஹோல்கர் தெரிகிறார் என்ற நம்பிக்கையோடு.

போன ஜனவரியில் ஒரு மாலை காற்று கத்தியாக வீசியது. ஹோல்கருக்குக் கால் வீங்கியிருந்தது. விடுதிக்கு நடந்து போக முடியாது. கட்டில்களோ வேகமாக நிரம்பிக்கொண்டிருந்தன. ஹார்ம்சன் மூன்றாம் முறை அழைத்தபோது அந்தப் பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது.

"கீழ இறங்கிப் போய்க் கேளுங்க மேடம். நான் லைன்லயே இருக்கேன்."

ஹார்ம்சன் தலை வாரி, நல்ல மேலங்கியாகப் பார்த்து அணிந்து, காதோடு ஒட்டிய கைப்பேசியுடன் இறங்கி வந்தார். நான் என் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டேன். கட்டுரைக்காகத்தான்.

"மன்னிக்கணும், தொந்தரவு பண்றேனா? வண்டி வந்தா போவீங்களான்னு கேக்கறாங்க."

உறங்குபைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. கையில் விரிசல் விட்ட கைப்பேசி.

"இருட்டினதுலேருந்து நானும் அவங்களுக்குத்தான் அடிச்சுக்கிட்டிருக்கேன், நீலத் திரைக்காரம்மா. லைனே கிடைக்கல. யாரோ விடாம பேசிக்கிட்டே இருக்காங்க."

ஹார்ம்சன் தன் கைப்பேசியை அவரிடம் நீட்டினார். ஹோல்கர் சொன்னது இரண்டே சொற்கள்: "வர்றேன். வாங்க."

வண்டி வந்தது. மிச்சமிருந்த கடைசிக் கட்டில் அவருக்குக் கிடைத்தது. மறுநாள் மாடிப்படியில் பல் மருத்துவர், தான் சொன்னதால்தான் வண்டி வந்ததென்று ஹார்ம்சனிடமே விளக்கிக்கொண்டிருந்தாராம்.

உங்கள் ஊரில் பனி இல்லை, அதனால் இந்த இனமும் இல்லை என்கிறீர்களா? இருக்கட்டும். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, "இன்னார் கட்டாயம் படிக்க வேண்டியது" என்று ஒருவருக்கு அனுப்பிவிட உங்கள் கட்டைவிரல் துடித்ததே, அந்த விரலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பிறகு, உங்கள் வீட்டுத் திரைச்சீலை என்ன நிறம் என்று யோசியுங்கள். கீழே இருப்பவருக்கு அது நன்றாகத் தெரியும்.