விக்கிக்கு நான் எழுதிய விதி

ஆதாரம் இல்லாமல் இனி ஒரு வரியையும் நம்புவதில்லை என்று முடிவெடுத்தேன். அன்றைக்கே என் நிம்மதி போனது.

பம்பு கம்பெனியில் நான் தர ஆய்வாளர். எட்டு மணி நேரம் சந்தேகப்படுவதற்குச் சம்பளம். மீதி நேரம் இலவசமாகச் சந்தேகப்படுவேன். பூதங்களோடு சண்டை போடும் ஒரு வீடியோ கேமுக்கு ரசிகர்கள் சேர்ந்து ஒரு விக்கி நடத்துகிறோம். எந்தப் பூதத்தை எப்படி வீழ்த்துவது என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அந்த ‘யார் வேண்டுமானாலும்’தான் எனக்கு உறுத்தியது. எழுத வருபவர்களுக்குப் பன்னிரண்டு விதிகள் எழுதிப் போட்டேன்.

பிறகு வந்தது ‘ஊசிமிளகாய்’. அந்தப் பெயரில் யாரோ நான் காலையில் எழுதியதை மாலைக்குள் திருத்தினார்கள். ‘ஆதாரம் இல்லை, விதி மூன்றைப் பார்க்கவும்’ என்று காரணம் வேறு. என் விதியை எனக்கே காட்டுவதா?

கீழ்வீட்டில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் மேல் எனக்குச் சந்தேகம். அவரும் அந்த கேம் விளையாடுவார். சிரிப்பும் சரியில்லை. என் மனைவியிடம் சொன்னேன். வக்கீல் ஆபீஸில் வேலை பார்ப்பவள், எதையும் நிதானமாகத்தான் சொல்வாள்.

“அவராத்தான் இருக்கும். ஆனா கையும் களவுமா பிடிக்கணுங்க.”

சனிக்கிழமை பொறி வைத்தேன். ஆமை முட்டையைக் காட்டினால் கிணற்றுப் பூதம் செத்துவிடும் என்று ஒரு பச்சைப்பொய்யை விக்கியில் எழுதினேன். உடனே பல்வலி என்று கிளினிக்கில் போய் உட்கார்ந்து, திறந்த கதவு வழியாக டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய இரண்டு கைகளும் ஒருவர் வாய்க்குள் இருந்தன. பத்தாவது நிமிடம் என் போன் அதிர்ந்தது. ஊசிமிளகாய் திருத்திவிட்டது. டாக்டரின் கைகள் இன்னும் வெளியே வரவில்லை.

ஆதாரமாக ஒரு போட்டோ. டிவியில் பூதம் முட்டையைத் தின்றுவிட்டுச் சிரிக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். டிவியின் பளபளப்பில் ஒரு பச்சை ஜன்னல் திரை தெரிந்தது, ஒரு பக்கம் கொக்கி கழன்று தொங்கியபடி. அந்தக் கொக்கியை நான் ஆறு மாதமாக மாட்டப்போகிறேன். திரைக்குள் எங்கள் வீட்டுத் திரை. இல்லாத பல்வலியும் போய்விட்டது.

மாடியேறி ஓடினேன். சோபாவில் சாவகாசமாக விளையாடிக்கொண்டிருந்தாள்.

“நீதானா?”

“நான்தான். உக்காருங்க. அந்த முட்டை விஷயம், தெரியாம எழுதினீங்களா, தெரிஞ்சே எழுதினீங்களா?”

தெரியாமல் என்றால் மானம் போய்விடும்.

“தெரிஞ்சேதான். ஆளைப் பிடிக்கத்தான்.”

சொன்னதை அப்படியே போனில் தட்டிக்கொண்டாள். பிறகு ஏழாம் விதியை வாசித்தாள். தெரிந்தே பொய் எழுதினால் முப்பது நாள் தடை. என் விதியை நானே எழுதியிருக்கிறேன்.

தடை போடுவதற்கு நிர்வாகி வேண்டுமே என்றேன்.

“போன வாரம் ஓட்டெடுப்புல என்னை ஆக்கினாங்களே. நீங்களும் போட்டீங்க.”

உண்மைதான். விதிகளை எழுதியவர் ஒரு மேதை என்று ஊசிமிளகாய் அன்று எழுதியிருந்தது. அந்த ஒரு நாள் மட்டும் நான் சந்தேகப்படவில்லை.

தடையை நீக்க வழி உண்டா என்று பணிவாகக் கேட்டேன். மனு எழுதிக் கொடுக்கலாம், எழுத்துப்பிழை இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றாள்.

மூன்று மனுக்கள் திரும்பி வந்துவிட்டன. நான்காவதை அனுப்புவதற்கு முன், ‘மன்னிப்பு’க்கு எந்த ‘ன்’ என்று அவளிடமே கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.