ரயில்வே கேட்டில் என் கியர் பாக்ஸ்

தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் இருபத்துமூன்று வயதுவரை எனக்கு இருந்ததில்லை. "கியர் பாக்ஸ் மாத்தறதா? அரைநாள் வேலைங்க சித்தப்பா" என்று சொன்னதும் அப்படித்தான்.

யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட லாரி ஒன்றைச் சித்தப்பா ஓட்டிக்கொண்டிருந்தார். அதன் கியர் பாக்ஸில் பல் உடைந்துபோக, உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் வேறொன்று வாங்கி வந்தார். நான் ஒரு மோட்டார் கம்பெனியில் இரண்டு வருஷம் இருந்தவன். (ஆபீஸில், டைப் அடிக்க. இதைச் சித்தப்பா மறந்திருந்தார், நான் நினைவூட்டவில்லை.)

அரைநாள் வேலை மூன்று நாளானது. வாங்கி வந்ததைப் பிரித்து, துடைத்து, மூடி, லாரியில் மாட்டிய பிறகு சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு குட்டிக் கம்பி மிஞ்சியது.

"இது எதுக்கு கண்ணு?"

"எக்ஸ்ட்ராவா வச்சிருப்பாங்க சித்தப்பா."

மறுநாள் மத்தியானம் இருவரும் வெள்ளோட்டம் கிளம்பினோம். பொள்ளாச்சி ரோட்டில் லாரி அருமையாகப் போனது. கிணத்துக்கடவு தாண்டி ஒரு ரயில்வே கேட். மேட்டில் ஏற கியரைக் குறைத்தேன். உள்ளே 'கடக்' என்றது. தண்டவாளத்தின் குறுக்கே லாரி நின்றுவிட்டது.

கிளட்சை மிதித்தாலும் சக்கரம் உருளவில்லை. இரண்டு கியர் ஒரே நேரத்தில் விழுந்து இறுகிவிட்டன. (அப்படி விழாமல் தடுப்பதுதான் அந்தக் குட்டிக் கம்பியின் வேலையாம்.)

கேட்காரர் வந்தார். கோபப்படவேயில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"ஏனுங்க, பொள்ளாச்சி வண்டி வர்ற நேரமுங்க. கொஞ்சம் நகத்திக்கறீங்களா?"

"நகர மாட்டேங்குதுங்க."

அவர் சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தோடு ஓடினார். பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டைக் கழற்றினால் சக்கரம் விடுபடும். நான் ஸ்பானரோடு லாரிக்கு அடியில் புகுந்தேன். நான்கு போல்ட். ஸ்பானர் இரண்டு தடவை முகத்தில் விழுந்தது.

சித்தப்பா குனிந்து மெதுவாகச் சொன்னார்: "கண்ணு, தண்டவாளம் அதிர்றாப்பல இருக்குது."

மூன்றாவது போல்டில் விசில் கேட்டது. நான்காவதும் கழன்றது. வெளியே தவழ்ந்து வந்து பார்த்தேன். கேட்காரரின் கொடிக்கு அடங்கி, கொஞ்ச தூரத்தில் இன்ஜின் புகைந்துகொண்டு நின்றது.

பயணிகள் இறங்கி வந்து லாரியைத் தள்ளினார்கள். கியர் பாக்ஸ் மாட்டி ஒரு நாள்கூட ஆகவில்லை என்று சித்தப்பா எல்லோரிடமும் புலம்பினார். என் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் மூச்சு வாங்கத் தள்ளியபடி கேட்டார்: "யாருங்க இதை மாட்டுனது?"

"ஒரு மெக்கானிக்குங்க."

"அவனை இனி வண்டிப் பக்கமே உடாதீங்க."

"சரிங்க."

லாரியை ஓரங்கட்டி, சித்தப்பாவைக் காவல் வைத்துவிட்டு, பஸ் பிடித்து வீடு சேர சாயங்காலமாகிவிட்டது. கூடத்தில் அதே பெரியவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். பெண் வீட்டார் அன்றைக்குப் பொள்ளாச்சியிலிருந்து வருவதை நான் சுத்தமாக மறந்திருந்தேன்.

"பொண்ணோட அப்பா, கும்பிட்டுக்கோ" என்றாள் அம்மா.

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "அந்த மெக்கானிக் என்ன ஆனானுங்க?"

"நான்தானுங்க அது."

டம்ளரைக் கீழே வைத்தார். கல்யாணம் போச்சு என்றே நினைத்தேன். "ஒத்துக்கிட்டீங்களே, அதுவே போதுமுங்க" என்றார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. இன்றுவரை நான் ஒரு திருகாணியைத் தொட்டால்கூட, வந்திருப்பவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து என் மனைவி சொல்வாள்:

"எங்கப்பா ஒரே நாள்ல ரெண்டைத் தள்ளி உட்டாருங்க. மத்தியானம் இவரு லாரிய, சாயங்காலம் என்னைய."