பொறுங்க நானாவும் எழும்பாத முள்ளும்

கொழும்பு நகரத்தில் மனிதரை நம்பாமல் எஞ்சினை மட்டுமே நம்பி வாழ்ந்த ஒரே பிறவி, கொட்டாஞ்சேனை 'பொறுங்க நானா'தான். நானா என்றால் முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். உம்மாவும் வாப்பாவும் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். அவருடைய கராஜில் யார் வாயைத் திறந்தாலும் "பொறுங்க" என்று ஒயில் கையை நீட்டிவிடுவார். கோர்ட்டில் நாள் முழுக்க வாதாடிப் பிழைத்த ஒரு பிரக்கிராசியையே ஒயில் பீப்பாயின் மேல் உட்காரவைத்து, ஒரு மணி நேரம் மூச்சுக் காட்டாமல் வைத்திருந்தார் என்றால் பாருங்களேன்.

கராஜ் கூட்டுகிற தும்புத்தடியின் கம்பை எஞ்சினில் ஊன்றி மறுநுனியைக் காதில் வைத்தாரென்றால், தெருவில் மீன்காரன்கூடக் கூவாமல் நடக்கவேண்டும். மாதா கோயில் மணியை மட்டும் அவரால் நிறுத்த முடியவில்லை. அது ஓயும்வரை எஞ்சினை நிறுத்திவைத்தார்.

அப்பேர்ப்பட்டவரிடம்தான் நான் போய் மாட்டினேன். அப்போது அரசாங்கக் கந்தோரில் லிகிதர், அதாவது குமாஸ்தா வேலை. வெள்ளவத்தையில் வாடகை வீடு. ஓடாத கார் ஒன்று. அந்தக் காரின் பிஸ்டன்களை நான் அரிசிப் பெட்டிக்குள் பத்திரப்படுத்திய அன்று, என் மனைவி யாழ்ப்பாணத்துக்கு ரயிலேறிவிட்டாள். ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. "அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை காலை கோட்டை ஸ்டேஷனுக்கு வருவேன். நீங்கள் காருடன் நின்றால் இறங்குவேன். இல்லாவிட்டால் அதே ரயிலில் திரும்பிவிடுவேன்." அவள் சொன்னால் செய்கிறவள். அன்றைக்கே காரை நானாவின் கராஜுக்குக் கட்டியிழுத்துக்கொண்டு போனேன்.

நானா எஞ்சினைப் புதிதாகப் பிறந்ததுபோல் கட்டியெழுப்பினார். மிஞ்சியிருந்தது டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றுதான். தீப்பொறியை நேரத்துக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அது. அதன் தண்டின் நாக்கு, கீழே ஒயில் பம்பின் வாய்க்குள் போய் உட்கார்ந்து பம்பையும் சுற்றவேண்டும். அவள் வர எட்டு நாள் இருக்கையில், வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்குப் புறப்பட்டவர், "நான் வரும் வரைக்கும் ஒண்ணுலயும் கை வெக்காதீங்க தம்பி" என்றார்.

எனக்குப் பொறுக்குமா? அவர் தலை மறைந்ததும் நானே அதை இறக்கிப் பூட்டினேன். நகக்கண் அளவு இடைவெளி நின்றது. என் பையிலிருந்த கந்தோர் ஃபைல் மட்டையை வெட்டி, பேக்கிங்காக வைத்து முறுக்கிவிட்டேன். திரும்பி வந்த நானா, தொழுகைக்குப் போகுமுன் தானே பூட்டியதாக நினைத்துக்கொண்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. அவருக்குப் பிடித்த குணம்தானே அது.

எஞ்சின் புறப்பட்டது, பட்டாசுக் கடை தீப்பிடித்த மாதிரி. ஒயில் மீட்டரின் முள் மட்டும் அசையவில்லை.

"நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க. ஒயில் மேல ஏறல்ல."

எஞ்சினின் அடியைக் கழற்றினார்; ஒயில் வடிகட்டி சுத்தமாக இருந்தது. பேரிங்குகளைப் பார்த்தார், அதிலும் குறையில்லை. ஒயிலை நாக்கில் வைத்து ருசி பார்த்தார். தீப்பொறியின் டைமிங்கை முன்னே தள்ளினார், பின்னே தள்ளினார். வெடி வேறு பக்கத்தால் வந்தது. திங்கள், செவ்வாய், புதன் போய்விட்டன. மனுஷன் சாப்பாட்டையே மறந்துவிட்டார். "என்ட கையில எங்கயோ பிழை ஈக்கி" என்று அவர் முணுமுணுத்தபோது எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சொல்லவில்லை. கோபத்தில் அவர் காரை வெளியே தள்ளிவிட்டால் சனிக்கிழமைக்கு நான் எங்கே போவேன்?

வியாழக்கிழமை திடீரென்று தும்புத்தடியைக் கீழே போட்டார்.

"எஞ்சினுக்கு ரெண்டு வருத்தம் இல்ல தம்பி, ஒண்டுதான். டைமிங்கும் ஒயிலும் சேர்ற எடம் ஒண்டுதானே ஈக்கி."

டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கினார். மட்டையும் கூடவே வந்தது. உடுத்திருந்த சாரத்தில் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"இங்கிலீசு படிச்ச ஆள் நீங்க. இதுல என்ன எழுதியீக்கி?"

மட்டையை வாங்கி வாசித்தேன். "மாட்சிமை தங்கிய மன்னரின் சேவையில் எண்டு கிடக்கு, நானா."

"அப்படியா? ராசா எப்ப நம்மட கராஜுக்கு வந்த?"

நான் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கம்போல் அவர் "பொறுங்க" என்று கையை நீட்டவில்லை. முழுக்கக் கேட்டார். பிறகு பம்பின் வாய்க்கு நேராக நாக்கைத் திருப்பி, பற்சக்கரத்தின் பல்லைப் பார்த்து, தண்டை இறக்கினார். இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. எஞ்சின் ஒரே சுற்றில் புறப்பட்டது, முள் மெல்ல எழும்பி நடுவில் போய் நின்றது. சந்தோஷத்தில் நான் அவரைக் கட்டிப்பிடித்து, வெள்ளைச் சட்டையைப் பாழாக்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை தும்புத்தடியோடு அவரும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். ஸ்டேஷனில் என் மனைவி பெட்டியைக் கீழே வைக்காமலே காரைச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏன் இவ்வளவு நாளும் ஓடேல்லை? இவர் எதையாவது நோண்டினவரோ?" என்று நானாவைத்தான் கேட்டாள்.

"இல்ல தங்கச்சி. தம்பி தொடவே இல்ல. பிழை என்ட கையிலதான்."

அவள் பெட்டியைக் காருக்குள் வைத்தாள்.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன்மார் மூன்று பேர். அவர்களில் ஒருவரும் எனக்காக அப்படியொரு பொய் சொன்னதில்லை.