கிளிசரின் மாப்பிள்ளை

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் நானே எழுதுகிறேன்.

கஹவத்தைப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். நாற்பது வயதுவரை எனக்குப் பெண் அமையவில்லை. (பெண்களைக் கண்டால் ரப்பர் மரத்துக்குப் பின்னால் ஒளிகிறவனுக்கு எப்படி அமையும்?) கடைசியில் கேகாலையில் ஒரு வீட்டார் வரச் சொன்னார்கள். பன்னிரண்டு மணிக்குள் வர வேண்டுமாம். பின்னேரம் இன்னொரு மாப்பிள்ளை வருகிறாராம்.

"இந்தச் சொரசொரப்பப் பார்த்தா பொண்ணு ஓடிரும்டா" என்று அக்கா ஒரு போத்தல் கிளிசரின் வாங்கித் தந்தாள். கைக்குக் கொஞ்சம் பூசச் சொன்னாள். நான் கழுத்துவரை பூசினேன்.

நானும் அக்காவும் போன பஸ்ஸை இரத்தினபுரிச் சோதனைச் சாவடியில் நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அப்போது யுத்த காலம். ஒரு சிப்பாய் என் கையைப் பிடித்து, துண்டுத் துணியால் துடைத்து, வெடிமருந்து கண்டுபிடிக்கும் புது மெஷினுக்குள் வைத்தான். மெஷின் கத்தியது. மற்றக் கைக்கும் கத்தியது. நான் தூக்கி வந்த வாழைப்பழச் சீப்புக்கும் கத்தியது.

"மே மொகத?" (என்ன இது?) என்றான் சிப்பாய்.

எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் நான் வாயைத் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டாள். சிங்களத்தில் கூவினாள்: "ஐயோ மாத்தயா, பொண்ணு பார்க்கப் போறோங்க! அது கிளிசரினுங்க!"

நம்புவார்களா? பஸ் போய்விட்டது. நான் வெயிலில் குந்தியிருந்தேன். வெகுநேரம் கழித்து வந்த அதிகாரி, என் கையைப் பிடித்த சிப்பாயின் கையையே துடைத்து மெஷினில் வைத்தார். கத்தியது. சிப்பாயின் முகம் என் முகத்தைவிட வெளிறிப்போனது.

அதிகாரி சிரித்துவிட்டார். "வெடிமருந்துக்கும் கிளிசரினுக்கும் தூரத்துச் சொந்தம். போ, போய்க் கல்யாணம் கட்டு."

வேறு பஸ் பிடித்துப் பின்னேரம் கேகாலை போய்ச் சேர்ந்தால், அந்த இன்னொரு மாப்பிள்ளை உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். "பஸ் பழுதுன்னு சொல்லுடா" என்று அக்கா கிள்ளினாள். இருந்த களைப்பில் பொய்கூட வரவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன்.

திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு. பிறகு பெண்ணே வெளியே வந்துவிட்டாள். "அப்பா, இவரு என்னையப் பார்க்கன்னு கைக்குப் பூசி, ஆமிக்காரன்கிட்ட மாட்டி வந்திருக்காரு. அவரு சவரங்கூட செய்யலிங்க."

அவள்தான் என் மனைவி. இன்றும் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு நான் கை நீட்டினால், முந்தானையால் துடைத்துப் பார்த்து, "கீ...ங்!" என்று கத்துவாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். யுத்தம் முடிந்துவிட்டது. எங்கள் வீட்டு மெஷின்தான் இன்னும் ஓயவில்லை.

23.08.2009, ஞாயிறு