மூன்று கூலிங்கிளாசும் ஒரு மச்சானும்

கூலிங்கிளாஸ் போட்டுச் சைக்கிள் ஓட்டிய முதல் நாளே திருமூர்த்தியின் மகள் கல்யாணம் ஆட்டம் கண்டது.

"எங்கண்ணன் பட்டங் கட்ட வர மாட்டாராமாங்க," என்றாள் அவர் மனைவி புவனா, போனை வைத்துவிட்டு. "காத்தால கண்டுங் காணாத மாதிரி போயிட்டீங்களாமா. 'வாங்க மச்சான்'னு ஒரு வார்த்தை இல்லையாமா."

ஒண்டிப்புதூரில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மச்சான் லட்சுமணசாமியைத் திருமூர்த்தி பார்க்கவே இல்லை. சர்க்கரைக்காகச் சைக்கிள் வாங்கி, தூசிக்காகக் கண்ணாடி வாங்கியவர் அவர். கடையிலேயே கறுப்பான லென்ஸைத் தேடி எடுத்தால் மரம் எது, மச்சான் எது? ஆனால் எங்கள் பக்கத்தில், வழியில் பார்த்த சொந்தக்காரரைக்கூட 'வாங்க' என்று கேட்காமல் விட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டாமல் மகள் லோகப்பிரியாவுக்குத் தாலி ஏறாது. முகூர்த்தத்துக்குப் பத்தே நாள்.

நேரில் போய்ப் பேசிவிட்டு வரலாமே என்றாள் புவனா. மாப்பிள்ளை முறுக்கு இருபத்தாறு வருஷமாகியும் இளகவில்லை. அவர் கண்ணாடிக் கடைக்குத்தான் போனார்.

கடைக்காரர் யூனுஸ், வெயிலுக்குத் தகுந்தபடி தானாக நிறம் மாறும் லென்ஸைப் போட்டுக் கொடுத்தார். மறுநாள் காலை சிங்காநல்லூர் வீட்டில் கிளம்பும்போது அது தெளிவாகத்தான் இருந்தது. ஒண்டிப்புதூர் வருவதற்குள் வெயில் ஏறி, பழைய கறுப்புக்கே வந்துவிட்டது. கண் தெரியாவிட்டால் கையாவது தெரியட்டும் என்று திருமூர்த்தி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். சைக்கிள் தன்னிஷ்டத்துக்கு இளநீர்க் குவியலுக்குள் போனது. மச்சான் அசையவில்லை. விழுந்த மாப்பிள்ளையைத் தூக்கக்கூட எழவில்லை என்றால் எவ்வளவு கோபம் இருக்க வேண்டும்! திருமூர்த்தி வாயே திறக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இன்றைக்கும் மாப்பிள்ளை மதிக்கவில்லை என்று சாயங்காலம் போன் வந்தது.

"கண்ணு வெளிய தெரியோணும்னா மஞ்சள் லென்ஸ்தானுங்க," என்றார் யூனுஸ். "ஆனா அது மூடாப்பு நேரத்துக்குங்க. வெயிலுக்கு ஆகாது."

திருமூர்த்தி முதல் பாதியை மட்டும் காதில் வாங்கினார். கிழக்கே பார்த்துப் போகிற திருச்சி ரோட்டில், காலைச் சூரியன் நேராகக் கண்ணுக்குள் இறங்கியது. பொலபொலவென்று கண்ணீர் கொட்ட, துடைத்துக்கொண்டே மச்சானைப் பார்த்துச் சிரித்தார். மச்சான் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மாறியது லோகப்பிரியாவைக் கட்டப்போகிற மாப்பிள்ளை வீட்டார் முகம்தான். பெண்ணின் அப்பா ரோடெல்லாம் அழுதுகொண்டு போகிறாராமே, பெண்ணுக்குச் சம்மதமில்லையா என்று உடுமலைப்பேட்டையிலிருந்து கேட்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தப் புவனாவுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

நான்காம் நாள் கண்ணாடியே வேண்டாமென்று வெறும் கண்ணோடு கிளம்பினார். ஒரு பூச்சி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மச்சான் வீட்டு வாசலிலேயே சைக்கிளைப் போட்டுவிட்டு, முறுக்கையும் அங்கேயே போட்டார். நாற்காலி காலி. மச்சான் குளிக்கப் போயிருந்தார். அவர் மனைவி சாந்தாமணிதான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"தப்பு என்ற மேலதானுங்க அம்மணி," என்றார் திருமூர்த்தி, கண்ணைக் கழுவிக்கொண்டே. இப்போது வந்தது நிஜக் கண்ணீர். "மச்சான் இல்லாம எம்புள்ளை மணவறை ஏறமாட்டா. கால்ல வேணாலும் உழுகறேனுங்க."

சாந்தாமணி குளியலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவருக்கு ரெண்டு கண்ணுலயும் புரைங்ணா. ஆபரேசனுக்குப் பயந்துட்டு ஆருகிட்டயும் சொல்லாம இருக்கறாரு. தெனமும் நீங்க போனதுக்கப்புறம் நாஞ் சொல்லித்தான் நீங்க வந்ததே அவருக்குத் தெரியும். உங்களை 'வாங்க'ன்னு அவரு கேக்கலைன்னு நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு பயந்துட்டுத்தான், அவரு முந்திக் கோவிச்சுக்கிட்டாரு."