பெக்கட் முனையில் பறக்காத வட்டம்

"வட்டமா எதுவும் பறக்கலை, டெலியா. எத்தனை தடவைதான் சொல்றது?"

"பறக்கலைன்னா எதுக்கு, எவரெட், தொப்பியை ரெண்டு கையாலேயும் பிடிச்சுக்கிட்டு நிக்கிறே?"

"காத்து."

"அந்தக் காத்து மஞ்சள் பெயின்ட் அடிச்சுக்கிட்டு, ரெண்டு பக்கமும் வீட்டு உயரத்துக்கு விசிறி மாட்டிக்கிட்டுப் போகுது. கொஞ்சம் நிமிர்ந்து பாரு."

"பாக்க மாட்டேன். நீங்களும் பாக்காதீங்க. பார்த்துத் தொலைச்சாலும் எழுதாதீங்க. இது ரெண்டாவது தடவை. மூணாவது தடவை எழுதினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

விமானத்தைக் கண்டுபிடித்த பெருமைக்கு உலகில் பல தேசங்கள் சண்டை போடுகின்றன. போடட்டும். தலைக்கு மேல் உறுமிக்கொண்டு பறக்கும் ஒரு விமானத்தை 'இல்லை' என்று கண்டுபிடித்த பெருமை மட்டும் கனெக்டிகட் மாநிலத்தின் கடலோரச் சிற்றூரான பெக்கட் முனைக்கே உரியது. அதற்குப் போட்டியே கிடையாது. அந்தக் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது 1943ஆம் ஆண்டு மே மாதம், தீயணைப்பு நிலையத்தின் மொட்டைமாடியில், மேற்படி இருவருக்கும் இடையே.

அந்த மொட்டைமாடிதான் ஊரின் 'வான் கண்காணிப்பு நிலையம்'. ஜெர்மன்காரன் விமானம் வந்தால் முதலில் பார்த்துச் சொல்ல வேண்டியது அங்கே நிற்கும் தொண்டர்களின் கடமை. ஜெர்மன்காரனுக்கு அட்லாண்டிக்கைத் தாண்டிப் பறந்து வரும் விமானமே கிடையாது என்பதால் கடமை கனகச்சிதமாக நடந்துவந்தது.

தொண்டர்களில் முதலிடம் டெலியா பிராட்வெல்லுக்கு. ஐம்பத்து மூன்று வயது, கணவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். முன்னறைத் திரைச்சீலையை அரை விரற்கடை விலக்கிவைத்துக்கொண்டு முப்பது வருஷமாகத் தெருவைக் கவனித்த அனுபவம் உண்டு. யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், எப்போது போனார்கள், போகும்போது முகம் எப்படி இருந்தது என்பதெல்லாம் அதுவரை வெறும் வம்பாக இருந்தது. போர் வந்தது, அரசாங்கமே கையில் ஒரு பைனாகுலரைக் கொடுத்து, கைப்பட்டை மாட்டி, அதைத் தேச சேவை ஆக்கிவிட்டது. ஆயிரம் மணி நேரம் கண்காணித்தவர்களுக்கு வெள்ளிச் சிறகுப் பதக்கம். டெலியாவின் கணக்கு தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில் நின்றது. வாழ்நாளில் முதல்முறையாக ஊர் அவளைப் பார்த்து "உனக்கெதுக்கு?" என்று கேட்காமல், "மிஸஸ் பிராட்வெல், இன்னிக்கு வானம் எப்படி?" என்று கேட்டது. அந்தக் கைப்பட்டையை அவள் இஸ்திரி போட்டு மாட்டிக்கொள்வாள்.

எவரெட் பாம்ஃபிரட் தலைமைக் கண்காணிப்பாளர். டெலியாவின் தங்கை கணவர். கடைத்தெருவில் ஷூ கடை. ஷூவுக்கு ரேஷன் வந்த வருஷம் அது. விற்க எதுவும் இல்லாததால் தலைமை தாங்க நிறைய நேரம் இருந்தது.

இனி அந்த வட்டம். ஊருக்கு வடக்கே ஒரு விமானத் தொழிற்சாலை. பெயர் வேண்டாம். அங்கே ஒரு பொறியாளர் இறக்கை, வால், உடம்பு என்று தனித்தனியாக எதற்கு என்று யோசித்து, எல்லாவற்றையும் சேர்த்துத் தட்டையாக ஒரே வட்டமாகச் செய்துவிட்டார். மரச்சட்டம், மேலே துணி, ஓரங்களில் இரண்டு பெரிய விசிறிகள். நடக்கிற வேகத்துக்குச் சற்று மேலே மெதுவாகவும் பறக்கும். எதிர்க்காற்று இருந்தால் அந்தரத்தில் நின்றே விடும். ஊர்க்காரர்கள் பார்த்த மாத்திரத்தில் 'நண்டு' என்று பெயர் வைத்தார்கள். மே, ஜூன் மாதங்களில் முட்டையிடக் கரையேறும், குதிரை லாடம் போல் வளைந்த தட்டை ஓடுள்ள லாட நண்டு அச்சு அசல் அப்படித்தான் இருக்கும்.

இது பரம ரகசியம். பாதி ஊர் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தது; மீதி ஊர் அவர்களுக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்தது. ஆகவே ரகசியம் எல்லோரிடமும் பத்திரமாக இருந்தது. டெலியாவின் பக்கத்து வீட்டு ஃபிலோமினா ஸ்கார்பா அதற்குத் துணி தைத்தவள். எத்தனை கஜம் என்று சொல்லமாட்டாள், சத்தியம் செய்திருக்கிறாள். விரல்களை மட்டும் விரித்துக் காட்டுவாள்.

ரகசியத்தைக் காக்க எவரெட் ஒரு கூட்டம் கூட்டினார். 'பெக்கட் முனைக்கு மேலே வட்ட வடிவில் எதுவும் பறக்கவில்லை. இனியும் பறக்காது' என்ற தீர்மானம் முன்மொழியப்பட்டது. வழிமொழியப் பாதிரியார் எழுந்தபோது நண்டு கூரைக்கு மேலே போயிற்று. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எவரெட்டின் தண்ணீர்க் கோப்பை மேசை ஓரம் வரை நடந்து சென்றது. சத்தம் ஓயும்வரை அவை அமைதி காத்து, பிறகு தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. குறிப்பேட்டில் 'இடையே பலத்த காற்று' என்று பதிவாகியிருக்கிறது.

அதுமுதல் ஊருக்கு ஒரு பழக்கம் வந்தது. வானத்தில் அந்த உறுமல் கேட்டதும் அத்தனை பேரும் குனிந்து ஷூ கயிறு கட்டுவார்கள். தபால்காரர், மீன் விற்கிறவர், சவப்பெட்டி தூக்கிக்கொண்டு போன நான்கு பேர், எல்லோரும். எவரெட்டின் கடையில் கயிறு மட்டும் நன்றாக விற்றது.

டெலியா மட்டும் குனியவில்லை. அவளுக்கு முதுகில் ஒன்றும் இல்லை, பழக்கதோஷம். பார்த்ததைச் சொல்லாமல் இருந்தால் அவளுக்கு நெஞ்சு எரியும். இரண்டு முறை 'வட்டம், ஒன்று' என்று எழுதினாள். இரண்டும் 'பொய்த் தகவல்' என்று திரும்பி வந்தன. மூன்று பொய்த் தகவல் என்றால் கைப்பட்டை போய்விடும். பதக்கத்துக்கு இன்னும் பன்னிரண்டு மணி நேரம். தங்கை வந்து கெஞ்சிவிட்டுப் போனாள். டெலியாவும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, ஜூன் மாதம் முதல் வாரம் தன் பழைய ஷூவுக்கு ஒரு ஜோடி கயிறு வாங்கினாள்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு நண்டின் ஒரு எஞ்சின் இருமியது.

டெலியா குனியத்தான் குனிந்தாள். ஆனால் சத்தம் திடீரென்று நின்றதும் நிமிர்ந்துவிட்டாள். நண்டு சாய்ந்து சாய்ந்து இறங்கி, கரையில் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மோதாமல் இருக்கச் சட்டென்று நின்று, ஈரமணலில் தலைகுப்புறக் கவிழ்ந்தது. பைனாகுலரில் எல்லாம் தெரிந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு இளைஞன் வாரில் தலைகீழாகத் தொங்கினான். கூண்டு மணலில் புதைந்திருந்தது. கதவும் புதைந்த பக்கம். அலை ஏறிக்கொண்டிருந்தது.

கீழே கடைத்தெருவில் அத்தனை பேரும் இன்னும் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

டெலியா கைப்பட்டையை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு டெலிஃபோனை எடுத்து "ஆர்மி ஃப்ளாஷ்" என்றாள். அந்த இரண்டு வார்த்தைக்கு மாநிலத்தில் மற்ற எல்லாப் பேச்சையும் துண்டித்து, நகரத்திலிருந்த 'தகவல் வடிகட்டும் நிலைய'த்துக்கு இணைத்துவிடுவார்கள்.

"எத்தனை விமானம்?" என்றது ஒரு பெண்குரல்.

"ஒண்ணு."

"எஞ்சின்?"

"ரெண்டு. ரெண்டும் ஓடலை."

"உயரம்?"

"உயரமே இல்லை. மணல்ல தலைகீழாக் கிடக்கு. உள்ளே ஒரு பையன் தொங்குறான். தண்ணி ஏறிட்டு வருது. கிரேன் அனுப்புங்க, ஆம்புலன்ஸ் அனுப்புங்க."

"விமானத்தின் வகை?"

டெலியா கண்ணை மூடிக்கொண்டாள். "வட்டம்."

மறுமுனையில் பக்கங்கள் புரளும் ஓசை. வடிகட்டும் நிலையம் தன் கடமையில் குறைவைக்கவில்லை. பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தது.

"பட்டியல்ல வட்டம் இல்லைங்க, மேடம்."

"பட்டியல்ல இல்லை. கரையில இருக்கு."

"பட்டியல்ல இல்லாதது விழ முடியாதுங்களே. அதுக்குக் கிரேன் அனுப்பினா, எதைத் தூக்கப் போனோம்னு நாங்க எழுதணும். உங்க பெயரைச் சொல்றீங்களா?"

பெயரைச் சொல்லிவிட்டு டெலியா மாடிப்படியில் ஓடினாள். ஃபிலோமினாவின் வேலியருகே நின்று, "நீ தைச்ச துணி கவுந்து கிடக்கு" என்றாள். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஃபிலோமினா, அவள் மகள் ரோஸால்பா, சிப்பி தோண்டும் ஆண்கள், பாதிரியார் என்று பதினான்கு பேர் சேர்ந்தார்கள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கூண்டுக்குள் முழங்கை அளவுத் தண்ணீர். பையனின் தலைமயிர் நனைந்துவிட்டது. வாரன் ஹாலிஸ்டர் என்று பெயர், இருபத்தாறு வயது, தொழிற்சாலையின் சோதனை விமானி. பயிற்சி அப்படி, டெலியா கண்ணாடியைத் தட்டியதும் அவன் முதலில் சொன்னது, "மேடம், இது ரகசியம். தயவுசெஞ்சு பாக்காதீங்க" என்பதுதான்.

"நான் ஒண்ணையும் பாக்கலை, தம்பி. மூக்கை மேலே தூக்கிக்கிட்டே இரு."

பெக்கட் முனையில் நடக்கத் தெரிந்த எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும். கவிழ்ந்த லாட நண்டு தானாகப் புரளாது, வெயிலில் செத்துப்போகும். அதைப் பார்த்தவர்கள் நிமிர்த்திவிட்டுத்தான் போக வேண்டும். வாலைப் பிடிக்கக் கூடாது, முறிந்துவிடும். ஓட்டின் விளிம்பைப் பிடித்து, அலை வந்து தூக்கிக் கொடுக்கும் நொடியில் ஒரு பக்கமாகச் சாய்க்க வேண்டும். கிரேன் கெட்டது போ என்று பதினான்கு பேரும் கடல் பக்கத்து விளிம்புக்குப் போனார்கள்.

அப்போதுதான் எவரெட் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். நிலைமையைப் பார்த்தார், அதாவது பார்க்கவில்லை. முதுகைக் காட்டி நின்றுகொண்டு உத்தரவு போட்டார்: "யாரும் அதைப் பாக்கக் கூடாது. எல்லாரும் திரும்பி நில்லுங்க. இது தலைமைக் கண்காணிப்பாளர் ஆணை."

சட்டத்தை மதிக்கும் ஊர். பதினான்கு பேரும் மறுபேச்சில்லாமல் திரும்பி நின்றார்கள். பிறகு முழங்காலை மடித்து, கையைப் பின்னால் விட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அடுத்த பெரிய அலைக்கு," என்றாள் டெலியா.

அலை வந்தது. கடலைப் பார்த்தபடி, வட்டத்தைப் பார்க்காதபடி, பதினான்கு பேர் முதுகால் நெம்பினார்கள். மரச்சட்டம் முனகியது. துணி கிழியும் சத்தத்துக்கு ஃபிலோமினா, "என் தையல் இல்லை, அது பக்கத்து மேசைக்காரி தைச்சது" என்றாள். கூண்டு மணலைவிட்டு ஒரு முழம் எழுந்தது. டெலியா மட்டும் திரும்பி, ஈரத்தில் படுத்து, கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டு, சிப்பிக் கத்தியால் வாரை அறுத்தாள். பையன் அவள் மேலேயே விழுந்தான். ஒரு பல் ஆடியது; மற்றபடி சேதமில்லை. முதலில் காபி கேட்டான். அதுவும் ரேஷன்தான் என்றாலும் கொடுத்தார்கள்.

விசாரணை மறுநாள். எவரெட் கெட்டவர் இல்லை. டெலியா அவருக்கு மைத்துனி முறை வேறு. ஒரு காகிதத்தைத் தட்டச்சு செய்தே கொண்டு வந்திருந்தார். 'கரையில் கண்டது ஒரு பெரிய லாட நண்டு. கவிழ்ந்திருந்தது. வழக்கப்படி நிமிர்த்தப்பட்டது.'

"கையெழுத்துப் போடுங்க, டெலியா. கைப்பட்டை உங்ககிட்டேயே இருக்கும். பன்னெண்டு மணி நேரம்தான் பாக்கி, அடுத்த வாரம் பதக்கம் குத்திக்கலாம்."

டெலியா இரண்டு முறை படித்தாள். பேனாவைக்கூடத் திறந்தாள்.

"நண்டுக்குள்ளே அந்தப் பையன் என்ன பண்ணிக்கிட்டிருந்தான்னு எழுதலையே, எவரெட்."

"எந்தப் பையன்?"

அவள் பேனாவை மூடினாள். கைப்பட்டையைக் கழற்றி, நான்காக மடித்து, அவர் சட்டைப்பையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். காகிதத்தில் எவரெட்டே கையெழுத்திட்டார். 'அரிய கடல்வாழ் உயிரினத்தைக் காத்தமைக்காக' அவருக்குப் பாராட்டுப் பத்திரமும், கூடவே கூர்மையான பார்வைக்காக வெள்ளிச் சிறகுப் பதக்கமும் வந்தன.

நான்கு வருஷம் போயிற்று. நண்டுக்கு உலோகத்தில் ஒரு தம்பி செய்திருந்தார்கள். அது பறக்கும் முன்பே போர் முடிந்து, வட்டத்துக்கு மவுசு போய், உடைக்க உத்தரவு வந்தது. இரும்புக் குண்டைக் கிரேனில் கட்டி மோதினார்கள்; குண்டு எகிறிப் போய் வேலியை உடைத்தது. இல்லாத விமானத்தின் தம்பியை உடைக்கப் பல நாள் பிடித்தது.

அந்தக் கோடையில்தான் நாடெங்கும் பறக்கும் தட்டுகள் தென்படத் தொடங்கின. பெக்கட் முனையில் முதலில் பார்த்தவர் எவரெட். ஷூ கடைக்கு மேலே, வட்டமாக, வெள்ளி நிறத்தில். பத்திரிகையில் படம் வந்தது. ஆகஸ்டுக்குள் ஏழு பார்த்துவிட்டார். வாஷிங்டனிலிருந்து ஒரு படிவமும் வந்தது. அதில் இரண்டாவது சாட்சி ஒருவர் கையெழுத்திட வேண்டும். எவரெட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு டெலியா வீட்டு வாசலில் நின்றார்.

"ஊர்லேயே வட்டம் பாத்துப் பழக்கம் உள்ளவங்க நீங்க ஒருத்தர்தான், டெலியா."

"அப்ப அது நண்டுன்னியே?"

"அது வேற. இது நிஜம்."

டெலியா படிவத்தை வாங்கி, தான் பார்த்ததை மட்டும் நிரப்பினாள். நாள்: ஜூன் 1943. வடிவம்: வட்டம். 'எங்கிருந்து வந்ததாகக் கருதுகிறீர்கள்? எதிரி நாடு, வேற்றுக் கிரகம், பிற' என்ற கேள்வியில் 'பிற'வுக்கு நேரே, 'நம்ம ஃபாக்டரி, பின்வாசல்' என்று எழுதிக் கொடுத்தாள்.

அதன்பிறகு எவரெட் அந்த ஊரில் இருக்கவில்லை. வானம் தடையின்றித் தெரியும் என்று அரிசோனா பாலைவனத்துக்குக் குடிபெயர்ந்தார். தங்கை ஒரு மாதம் அழுதுவிட்டுப் பின்னாலேயே போனாள். வாரன் ஹாலிஸ்டர் ரோஸால்பாவைக் கல்யாணம் செய்துகொண்டான். முதன்முதலில் அவளைப் பார்த்தது தலைகீழாக, அதுவும் முதுகை மட்டும்; அதுவே போதுமானதாக இருந்ததாம். கல்யாணத்தில் டெலியாவைப் பெண்ணின் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவள் எங்கேயும் போகவில்லை. திரைச்சீலை மட்டும் புதியது, மஞ்சள் துணி. எங்கே கிடைத்தது என்று ஃபிலோமினா சொல்லமாட்டாள்.

வாஷிங்டனின் பதிலும் ஒருவழியாக வந்து சேர்ந்தது. மிஸஸ் பிராட்வெல்லின் சாட்சியம் நிராகரிக்கப்பட்டிருந்தது. ஏற்கெனவே மூன்று முறை வட்டம் பார்த்தவர் என்பதே காரணம். திரு. பாம்ஃபிரட்டின் ஏழு தட்டுகளையும் அரசாங்கம் பெருமதிப்புடன் பதிவு செய்துகொண்டது. அவர் பெயருக்கு எதிரே இப்படி எழுதியிருந்தார்கள்: 'முழு நம்பிக்கைக்குரிய சாட்சி. போர்க்காலம் முழுவதும் தன் தலைக்கு மேலே பறந்த எதையும் பார்த்ததில்லை.'